கொடுப்புப் பல்

2025 மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு எனது இடது பக்கக் கீழ்க் கொடுப்புப் பல் கொதிக்கத் தொடங்கியது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் இருக்கும் ரொக்ஸ்பரோ, மொன்றியல் தீவின் வடமேற்குக் கரையில் ஆற்றோரமாக உள்ள சின்ன இடம். 1914இல் தனி நகரமாகி, 2002இல் மொன்றியல் நகரத்துடன் சேர்க்கப்பட்டது. மாரிகாலத்தில் இரவு பத்து மணிக்குப் பிறகு பனி அள்ளுகிற வண்டியைத் தவிர இங்கே வேறொன்றும் அசையாது. அப்படியான இரவில் பல்லுக்கொதி வந்தவனுக்குக் கைக்கெட்டுகிற மருந்து இரண்டுதான். ஒன்று கராம்பு. மற்றது மருமகன் கொண்டுவந்து தந்த விஸ்கி. இரண்டையும் மாறிமாறிப் பாவித்துப் பார்த்தேன். விடிய மூன்று மணிக்குப் பல்லின் கொதி காது வரைக்கும் ஏறியிருந்தது.

மனைவி எழும்பி வந்து சுடுதண்ணீரில் உப்புப் போட்டுத் தந்தாள்.

"இஞ்சருங்கோ, அதைப் பிடுங்கி எறியுங்கோ. இந்த வயசில முப்பத்திரண்டும் வைச்சு என்ன செய்யப் போறியள்?"

"முப்பத்திரண்டு எங்க இருக்கு? இருபத்தேழுதான்."

"அப்ப இருபத்தாறு காணும்."

அவளுக்கு இது பெரிய விடயமில்லை. தனது மூன்று கொடுப்புப் பற்களை அவள் மொன்றியலில் பிடுங்கியவள். மூன்று தடவையும் அடுத்த நாள் வேலைக்குப் போனவள். நான் பல் வைத்தியரின் கதவுக்கு முன்னால் நின்று, மணியை அடிக்காமல் திரும்பி வந்தவன். ஒரு தடவை அல்ல. அறுபத்தாறு வயதில் இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னைப் போன்றவர்கள் எங்கள் ஆட்களுக்குள் குறைவில்லை என்பது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய வந்ததால் எழுதுகிறேன்.

பயத்தின் முதல் வேர் ஊரில் இருக்கிறது. 1969இல் எனக்குப் பதினொரு வயது. ஊருக்குக் கிட்டிய அரசாங்க ஆஸ்பத்திரியில் பற்சிகிச்சைப் பகுதிக்கு வெளியே ஒரு நீள வாங்கு. காலை ஆறு மணிக்கே துண்டு எடுக்க வேண்டும். எட்டரைக்கு டொக்டர் வருவார். வாங்கில் இருக்கிற பத்துப் பன்னிரண்டு பேருக்கும் வரிசையாக விறைப்பு ஊசி போட்டுக்கொண்டு போவார். கடைசி ஆளுக்குப் போட்ட பிறகு முதலாவது ஆளிடம் திரும்பி வருவார், இப்போது கையில் குறடு. ஒரு டொக்டர், நூறு வாய்கள், மதியத்துக்குள் முடிக்க வேண்டும். கணக்குப் பார்த்தால் அதைவிட வேறு வழி அவருக்கும் இருந்திருக்காது. ஆனால் வாங்கின் எந்த இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் தங்கியிருந்தது. நடுவில் இருந்தவனுக்கு ஊசி நன்றாக ஏறியிருக்கும். கடைசியாக இருந்தவனுக்கு மற்றவர்களின் சத்தத்தை எல்லாம் கேட்டு முடிக்க வேண்டும். என்னுடைய விறைப்பு ஏதோ காரணத்தால் சரியாகப் பிடிக்கவில்லை. "நோகுது" என்றேன். "நோகாது" என்றார். சிற்றூழியர் என் தலையைப் பிடித்தார். அவ்வளவுதான்.

பத்து வருடம் கழித்து, 1979இல், இன்னொரு பல். இந்தத் தடவை வேலையில் இருந்த அண்ணா காசு தந்து பட்டினத்தில் தனியார் டிஸ்பென்சரி ஒன்றுக்கு அனுப்பினார். 1977க்குப் பிறகு அரசாங்க வைத்தியர்கள் வேலை நேரத்துக்கு வெளியே தனியாகத் தொழில் செய்ய மறுபடியும் அனுமதிக்கப்பட்டிருந்தார்கள். அங்கே எனக்குப் பல் பார்த்தவர் காலையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வாங்கு வாங்காக ஊசி போடுகிறவர்தான். மாலையில் அதே மனிதர் என் பெயரைக் கேட்டார், எங்கே படிக்கிறேன் என்று கேட்டார், ஊசி போட்டுவிட்டுப் பத்து நிமிடம் பத்திரிகை வாசித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். நோகவே இல்லை. காசு கொடுத்தால் நோகாது என்ற முடிவுக்கு நான் வந்தது அன்றைக்குத்தான். அந்த மனிதரின் கையில் காலையில் இல்லாத எது மாலையில் இருந்தது என்று யோசிக்கும் பக்குவம் அப்போது இருக்கவில்லை.

கனடாவுக்கு 1987இல் வந்தேன். வைத்தியம் எல்லாம் இலவசம் என்று சொல்லித்தான் எல்லோரும் வருகிறோம். பல் அதற்குள் இல்லை என்பது முதல் பல்லுக்கொதியோடுதான் தெரியும். உடம்பில் வேறெந்த உறுப்பையும் இப்படி வீட்டுக்கு வெளியே நிறுத்தி வைக்கவில்லை. எமெற் ஹோல் என்ற நீதியரசரின் ஆணைக்குழு 1964இல் கொடுத்த அறிக்கை பிள்ளைகளின் பல் வைத்தியத்துக்கு அரசாங்கத் திட்டம் வேண்டும் என்று சொன்னது. 1966இல் வந்த வைத்தியப் பராமரிப்புச் சட்டம் பல்லை விட்டுவிட்டு டொக்டரோடு நின்றுகொண்டது. கியூபெக் 1970 கார்த்திகையில் தன்னுடைய சுகாதாரக் காப்புறுதியைத் தொடங்கியது. 1974இல் சிறு பிள்ளைகளுக்குப் பல் வைத்தியம் சேர்ந்தது. இப்போது பத்து வயதுக்குக் கீழானவர்களுக்கும் சமூக உதவி பெறுகிறவர்களுக்கும் மட்டும் என்று நிற்கிறது. சஸ்கச்சுவான் மாகாணம் 1974இல் பள்ளிக்கூடங்களுக்குள்ளேயே பல் தாதிமாரை வைத்து நல்லதொரு திட்டம் நடத்தியது. 1987இல் அதை மூடிவிட்டார்கள். நான் மிராபெல் விமானநிலையத்தில் இறங்கிய அதே வருடம். என் பல்ராசி அப்படி.

அகதிக் கோரிக்கைக்கு விசாரணை வரும்வரை எங்களிடம் இருந்த காகிதம் அவசரத்துக்கு மட்டும் உதவியது. அவசரம் என்றால் வலி, சீழ், வீக்கம். அதற்கு மருந்து தருவார்கள், அல்லது பிடுங்குவார்கள். பல்லைக் காப்பாற்றுவது அவசரம் இல்லை. பார்க் எக்ஸ்ரென்ஷனில் ஒரு அறையில் ஏழு பேர் இருந்தோம். அந்த ஏழு பேரில் பல் பிடுங்காமல் அந்த அறையை விட்டுப் போனவர் ஒருவரும் இல்லை. பிறகு வேலைகள் கிடைத்தன, கோப்பை கழுவினோம், ஷபனெல் தெருத் தையல் தொழிற்சாலைகளில் பெட்டி கட்டினோம். கையில் காசு வந்தபோது அது ஊருக்குப் போனது, ஏஜென்சிக்குப் போனது, பிறகு பிள்ளைகளின் பற்களுக்குக் கம்பி கட்டப் போனது. எங்கள் தலைமுறையில் ஒரு ஐம்பது பேரை வரிசையில் விட்டு வாயைத் திறக்கச் சொன்னால், எந்த வருடம் வந்தவர், எப்போது நிரந்தர வதிவிடம் கிடைத்தது என்று பல் இல்லாத இடங்களைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

சரி, மாசி மாதத்துக்கு வருகிறேன்.

சனிக்கிழமை நோவுக் குளிசை எடுத்துக்கொண்டு டொலார்-டே-ஓர்மோவில் உள்ள முருகன் கோயிலுக்குப் போனோம். போகாமல் விட்டிருக்கலாம். வீங்கிய கன்னத்தோடு கோயிலுக்குப் போகிறவன் எல்லோருக்கும் பொதுச் சொத்து. ஒருவர் சென்னைக்குப் போகச் சொன்னார். "மச்சான், ரிக்கற் காசையும் சேர்த்துப் பார், அப்பவும் லாபம். ஒரு மாசம் நின்று எல்லாத்தையும் கட்டிக்கொண்டு வா. கச்சேரியும் கேட்கலாம்." இன்னொருவர் யாழ்ப்பாணத்தில் இப்போது சென்னையை விட மலிவு என்றார். மூன்றாமவர் தனக்கு ஒருவரைத் தெரியும், காசாகக் கொடுத்தால் குறைப்பார் என்று காதுக்குள் சொன்னார். ஒருவரும் பயத்தைப் பற்றிப் பேசவில்லை. எங்கள் ஆண்களுக்குள் காசில்லை என்று சொல்வது கௌரவக் குறைவில்லை. பயம் என்பது அப்படியில்லை.

திங்கட்கிழமை வீட்டுக்குக் கிட்டிய தனியார் கிளினிக்குக்குப் போனேன். மகள் கூட வந்ததால் கதவில் நின்று திரும்ப முடியவில்லை. தோல் கதிரைகள், மீன் தொட்டி, மெல்லிய பியானோ இசை. நிரப்பத் தந்த படிவத்தில் 'பல் வைத்தியம் உங்களுக்குப் பதற்றம் தருமா?' என்று ஒரு கேள்வி. இல்லை, கொஞ்சம், மிகவும். நான் 'கொஞ்சம்' என்று அடையாளமிட்டேன். இந்தப் பயத்தை அளக்க 1969இலேயே நோர்மன் கோரா என்ற அமெரிக்க உளவியலாளர் நாலு கேள்விகளில் ஒரு அளவுகோல் செய்தார் என்று பிறகு வாசித்தேன். நான் அந்த வாங்கில் இருந்த அதே வருடம். ஊசியைப் பற்றிய ஐந்தாவது கேள்வி 1995இல்தான் சேர்ந்ததாம். ஊசியை விட்டுவிட்டு இருபத்தாறு வருடம் பயத்தை அளந்திருக்கிறார்கள்.

அந்த வைத்தியர் நல்ல மனிதர். எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். பல்லின் நரம்பு செத்துக்கொண்டிருந்தது. இரண்டு வழி: பிடுங்குவது, அல்லது ரூட் கனால் செய்து மேலே கிறவுண் போடுவது. முழுக் கட்டணம் மூவாயிரம் டொலருக்குக் கிட்ட. 2023 மார்கழியில் அறிவித்து 2024 வைகாசியில் வேலை செய்யத் தொடங்கிய சமஷ்டி அரசாங்கத்தின் பல் பராமரிப்புத் திட்டத்தில் நான் சேர்ந்திருந்தேன். குடும்ப வருமானம் 90,000 டொலருக்குக் கீழ், வேறு பல் காப்புறுதி இருக்கக் கூடாது என்பது விதி. முதலில் வயது போனவர்களைச் சேர்த்தார்கள். வாழ்க்கையில் ஒரு வரிசையில் நான் முன்னுக்கு நின்றது அதுதான். ரூட் கனால் பட்டியலில் இருக்கிறது. கிறவுணுக்கு முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். திட்டம் கொடுக்கிற தொகைக்கும் வைத்தியரின் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசம் என்னுடையது. காசு அரசாங்கத்தின் காசு, கதிரை தனியாருடைய கதிரை. பொது, தனியார் என்று நான் ஊரில் பிரித்து வைத்திருந்த இரண்டு பெட்டிகளும் இங்கே ஒன்றுக்குள் ஒன்று போய்விட்டன.

பிறகு அவர் கதிரையைச் சாய்த்து விளக்கை இழுத்தார். நான் எழும்பி உட்கார்ந்துவிட்டேன். என்னையறியாமல் அவருடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தேன்.

அவர் கோபிக்கவில்லை. பதற்றமுள்ளவர்களுக்கென்று வழி இருக்கிறது என்றார். கையில் ஊசியேற்றி அரைத் தூக்கத்தில் வைத்துவிடலாம், ஒன்றும் தெரியாது, ஒரே இருப்பில் முடிந்துவிடும். அதற்குத் தனியாக அறுநூறு டொலர். மகளுக்கு இது பிடித்துக்கொண்டது. "அப்பா, நித்திரையில முடிஞ்சிடும். நான் காசு தாறன்" என்றாள்.

நோகாமல் நித்திரையில் பல் பிடுங்குவது மனிதர்கள் வெகுகாலம் கண்ட கனவு. 1844 மார்கழியில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹொறஸ் வெல்ஸ் என்ற பல் வைத்தியர் சிரிப்பூட்டும் வாயுவை இழுத்துத் தன்னுடைய பல்லையே பிடுங்குவித்துப் பார்த்தார். அடுத்த மாதம் பொஸ்ரனில் மாணவர்களுக்கு முன்னால் செய்து காட்டப் போனபோது, நோயாளி சத்தம் போட்டுவிட்டான். கூட்டம் கேலி செய்தது. வெல்ஸ் அதிலிருந்து மீளவில்லை. 1848இல் நியூயோர்க்கில் ஒரு சிறையில் தன்னுயிரைப் போக்கிக்கொண்டார். ஒரு நோயாளியின் சத்தம் ஒரு வைத்தியனை என்ன செய்யும் என்பதற்கு இந்தக் கதையை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அறுநூறு டொலருக்கு வெல்ஸின் கனவு எனக்குக் கிடைக்க இருந்தது. வேண்டாம் என்றேன். மகளுக்குக் காரணம் விளங்கவில்லை. காசுக்காக மறுக்கிறேன் என்று நினைத்தாள்.

காரணம் இதுதான். 1986இல் ஒரு சுற்றிவளைப்பில் என்னைக் கொண்டுபோனார்கள். ஒன்பது நாள். மற்றவர்களுக்கு நடந்ததோடு பார்த்தால் எனக்கு நடந்தது சின்ன விடயம். அதனால்தான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மேசையில் மல்லாக்கக் கிடத்தி முகத்துக்கு மேல் விளக்கைப் பிடித்துக் கேள்வி கேட்பார்கள். விளக்குக்குப் பின்னால் இருக்கிறவனின் முகம் தெரியாது. குரலும் கையும் மட்டும்தான். அந்த ஒன்பது நாளும் நான் நித்திரை கொள்ளாமல் இருக்கப் பார்த்தேன். நித்திரையில் ஏதாவது பெயரைச் சொல்லிவிடுவேன் என்ற பயம். யாருடைய பெயர்? எனக்கு அப்படிப் பெரிதாக ஒரு பெயரும் தெரியாது. ஆனாலும் பயம். இப்போது அந்தப் பெயர்களுக்கு உரியவர்களில் பாதிப்பேர் உயிரோடு இல்லை. மொன்றியலில் ஒரு பல் வைத்தியருக்கு அவை எதற்கு? இதெல்லாம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் அந்நியர்கள் மத்தியில் நினைவிழந்து கிடக்க என்னால் முடியாது.

இது எனக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல. சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்காக இங்கே கெனெஃப்கே என்ற பெண் வைத்தியர் கோப்பன்ஹேகனில் 1982இல் ஒரு மையம் தொடங்கினார். இருதயத் துடிப்புப் பார்க்கிற வயர்கள், பல் வைத்தியரின் கதிரை போன்ற சாதாரண சாமான்கள்கூடப் பழையதைக் கிளப்பிவிடும் என்று அப்படியான இடங்களில் வேலை செய்தவர்கள் அறிந்து வைத்திருந்தார்கள். படிவத்தில் அதற்கு ஒரு பெட்டி இல்லை. இருந்திருந்தாலும் நான் அடையாளமிட்டிருக்க மாட்டேன்.

ஆக, என் முன்னால் இருந்தவை மூன்று. ஆஸ்பத்திரிக்கோ அவசரத்துக்கோ போய்ப் பிடுங்குவிப்பது: அரைமணித்தியாலத்தில் முடியும், ஆனால் அது 1969. தனியார் கதிரையில் நித்திரை: அது முடியாது. நித்திரை இல்லாமல் அதே தனியார் கதிரை: அந்த வைத்தியர் நேர்மையாகச் சொன்னார், ஒரு நோயாளிக்கு எழுபத்தைந்து நிமிடம்தான் ஒதுக்கலாம், நடுவில் நிறுத்தி நிறுத்திச் செய்வது கஷ்டம் என்று. அவருக்கு வாடகை இருக்கிறது, மீன் தொட்டி இருக்கிறது. குறை சொல்ல முடியாது. 1979இன் டிஸ்பென்சரியில் நான் காசு கொடுத்து வாங்கியது என்னவென்று இவர் சொன்னபோதுதான் விளங்கியது. பத்து நிமிடம் வாங்கியிருக்கிறேன். இந்தத் தடவை எனக்கு வேண்டியது பல மணித்தியாலம். அதை விலைக்கு வாங்க என்னிடம் காசில்லை.

நாலாவது வழியைச் சொன்னவர், அந்தக் கிளினிக்கில் வேலை செய்த உதவியாளர் பெண். மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்துக்கும் மொன்றியல் பல்கலைக்கழகத்துக்கும் பல் வைத்திய பீடங்கள் இருக்கின்றன. இரண்டிலும் மாணவர்கள் ஆசிரியர்களின் மேற்பார்வையில் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்கிறார்கள், கட்டணம் குறைவு. "அவசரமே படமாட்டார்கள். படத் தெரியாது" என்று சிரித்தாள். இரண்டில் ஒன்றுக்கு ரெலிபோன் எடுத்தேன். முதலில் ஒரு பரிசோதனை, தங்களுடைய மாணவர்களுக்குப் பொருத்தமான பல்லா என்று பார்ப்பார்கள். என் பல் பொருத்தமாக இருந்தது. சோதனையில் பாஸ் பண்ணிய மகிழ்ச்சி எனக்கு.

மனைவிக்கு இது பிடிக்கவில்லை. "படிக்கிற பிள்ளையளிட்டயோ பல்லைக் குடுக்கப் போறியள்? கண்டறியாத வேலை." ஊரிலே பரியாரிக்கு மகன் கத்தி பிடித்துப் பழக ஊர்த்தலைகள் வேண்டும் என்று ஒரு பகிடி சொல்வார்கள். எனக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை.

பங்குனியில் முதல் நாள். ரொக்ஸ்பரோவில் இருந்து நகரத்துக்கு முன்பு நேராக ஒரு றெயில் ஓடியது. 2020 முடிவில் அதை நிறுத்தினார்கள். அதன் இடத்தில் புதிய றெயில் 2025 கார்த்திகையில்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் எனது பல் வைத்தியம் முழுவதும் நடந்து முடிந்தது. எனவே பஸ், கோட்-வெர்த்துவில் மெற்றோ, பிறகு நடை. ஒன்றேகால் மணித்தியாலம். அவ்வளவு நேரமும் திரும்பிப் போவதற்கான நியாயங்களைச் சேர்த்துக்கொண்டு போனேன்.

பெரிய மண்டபம். தடுப்புகளுக்குப் பின்னால் வரிசையாகக் கதிரைகள். ஒரு கணம் அந்த வாங்கு ஞாபகம் வந்து அடிவயிறு கலங்கியது. எனக்கு ஒதுக்கப்பட்ட மாணவி என் மகளைவிட இளையவள். என்னை நிமிர்த்தி இருத்திவைத்து முக்கால் மணித்தியாலம் கேள்வி கேட்டாள். இருதயம், நீரிழிவு, குளிசைகள். கடைசியில், பல் வைத்தியத்தில் எது கூடப் பயம் என்று கேட்டாள். ஊசி என்றேன். அவள் எழுதவில்லை, பார்த்துக்கொண்டிருந்தாள். "விளக்கு" என்றேன். அதற்குமேல் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு கறுப்புக் கண்ணாடி கொண்டுவந்தாள். கதிரையை முழுவதும் சாய்க்காமல் செய்ய முடியுமா என்று ஆசிரியரைக் கேட்டுக்கொண்டு வந்தாள். முடியும், கழுத்து அவளுக்குத்தான் நோகும்.

பிறகு சொன்னாள்: "எப்போது வேண்டுமென்றாலும் இடது கையைத் தூக்குங்கள். நான் நிறுத்துவேன். காரணம் சொல்லத் தேவையில்லை."

இது பல் வைத்தியர்கள் எல்லோரும் சொல்கிற வசனம்தானாம். எனக்குச் சொன்ன முதல் ஆள் இவள். கையைத் தூக்குவது என்றால் எனக்குத் தெரிந்த அர்த்தம் வேறு. கையைத் தூக்கிக்கொண்டு றோட்டோரம் நின்ற தலைமுறை நாங்கள். தூக்கிய பிறகுதான் எல்லாம் தொடங்கும்.

ஊசி போடும்போது அவள் கை மெல்ல நடுங்கியது. அதைப் பார்த்ததும் ஏனோ எனக்கு நடுக்கம் குறைந்தது. காத்திருந்தோம். கீழ்த்தாடையின் எலும்பு தடிப்பானது, அதனால் மருந்தைப் பின்னால் நரம்பு நுழைகிற இடத்தில் போட்டுப் பத்து நிமிடமாவது பொறுக்க வேண்டும் என்று ஆசிரியர் விளக்கினார். சீழ் வைத்து அழன்ற பல்லில் அமிலத்தன்மை கூட, அங்கே மருந்து சரியாகப் பிடிக்காது, எனவே நோகுது என்று நோயாளி சொன்னால் நோகிறது என்றுதான் அர்த்தம் என்று அவளைப் பார்த்துச் சொன்னார். அவர் பாடம் நடத்தினார். எனக்கு அது ஐம்பத்தாறு வருடம் பிந்தி வந்த தீர்ப்பாக இருந்தது. இன்னொரு ஊசி போட்டார்கள். மறுபடியும் காத்திருந்தோம்.

பல்லைச் சுற்றி ஒரு இறப்பர்த் துணி கட்டினார்கள். 1864இல் நியூயோர்க்கில் சான்ஃபோர்ட் பார்னம் என்ற வைத்தியர் கண்டுபிடித்தது. எச்சில் பல்லுக்குள் போகாமலும், மருந்தும் ஊசியும் தொண்டைக்குள் விழாமலும் காக்கும். வாய் மூடப்பட்டதுபோல் இருக்கும், பேச முடியாது. உடனே கையைத் தூக்கினேன்.

நிறுத்தினாள். துணியைக் கழற்றினாள். தண்ணீர் தந்தாள். அடுத்த தடவை கட்டிய பிறகு மறுபடியும் தூக்கினேன். நோவு எதுவும் இல்லை. நிறுத்துகிறாளா என்று பார்க்கத்தான் தூக்கினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். நிறுத்தினாள். அன்று பதினொரு தடவை. ஒவ்வொரு தடவையும் கருவியை வெளியே எடுத்து, என் கண்ணாடியைக் கழற்றி, முகத்தைக் காட்டினாள். பக்கத்துக் கதிரைக்காரன் முடித்துக்கொண்டு போய்விட்டான். மூன்று மணித்தியாலத்தில் நரம்பைத் திறந்து கழுவி, மருந்து வைத்து மூடியதோடு சரி. தனியார் கிளினிக்கில் இந்த நேரத்துக்குள் இரண்டு பேரின் பல் கட்டி முடிந்திருக்கும்.

இரண்டாம் தடவை, சித்திரையில், ஆறு தரம் தூக்கினேன். மெல்லிய ஊசிபோன்ற அரங்களால் வேர்களைச் சுத்தம் செய்தார்கள். என்னுடைய பல்லில் மூன்று வாய்க்கால் எதிர்பார்த்து நாலு கண்டுபிடித்தாள். ஆசிரியரைக் கூப்பிட்டுக் காட்டியபோது அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நானும் துணிக்குள்ளால் சிரித்தேன். மூன்றாம் தடவை வேர்களை அடைத்தார்கள். அன்று நான் அரைவாசி நேரம் நித்திரை. அவள்தான் பிறகு சொன்னாள். "ஏதாவது கதைச்சனானோ?" என்று கேட்டேன். குறட்டை மட்டும்தான் என்றாள்.

கிறவுணுக்கு அனுமதி வந்து, ஆவணியில் போட்டார்கள். திட்டத்தின் பங்கும் குறைந்த கட்டணமும் சேர, என் கையிலிருந்து போனது அந்த நித்திரை ஊசியின் விலைக்கும் குறைவு. ஆனால் ஏழு தடவை போய்வந்தேன். ஓய்வு பெற்றவன், நேரம் இருந்தது. அதே பல் எனக்கு 1990இல் கொதித்திருந்தால், இரவு வேலை, பகல் வேலை என்று ஓடியவனுக்குப் பகலில் மூன்று மணித்தியாலம் யார் தந்திருப்பார்கள்? பிடுங்கியிருப்பேன். பிடுங்கினோம்.

கிறவுண் போட்ட அன்று பின்னேரம் மனைவி முறுக்கு வைத்தாள். இடது பக்கத்தால் கடித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லாமல் தன்னுடையதைத் தேத்தண்ணியில் ஊறவைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கவனித்தேன், வலது பக்கத்தால் மட்டும் மெல்லுகிறாள். எவ்வளவு காலமாக என்று கேட்டேன்.

"தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு தொடக்கம்."

"ஒரு நாளும் சொல்லேல்லையே நீர்."

"சொல்லி?" என்றாள்.

அந்தப் பக்கத்தில் மிஞ்சியிருக்கிற ஒரு பல்லும் ஆடுகிறதாம், இரண்டு வருடமாக. பிடுங்கிறது எனக்கு என்ன புதினமோ என்றாள். பிறகு பாத்திரம் கழுவப் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள்ளால் கேட்டாள்: "அந்தப் பெட்டை இன்னும் அங்க படிக்குதோ?"

அவள் படிப்பை முடித்துவிட்டாள், வேறு யாரையாவது தருவார்கள் என்றேன். அடுத்த நாள் காலை படிவத்தை அச்செடுத்து மேசையில் வைத்தேன். பயம் பற்றிய கேள்வி இருந்த பக்கத்தை அவள் கையால் மறைத்துக்கொண்டு நிரப்பினாள்.